கலயத்தில் தடவிய சுண்ணாம்பு

இத்தாலி தேசத்தில் பிளாரென்ஸ் என்று ஒரு பழம்பெரும் நகரம் இருக்கிறது. அந்நகரத்தில் ஆன்டினோரி என்று ஒரு குடும்பம். 1385-ம் வருஷத்தில் அக்குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் நகரத்துத் திராட்சை மது வணிகர் சங்கத்தில் தம்மைச் சேர்த்துக்கொண்டார். அன்று முதல் இன்று வரையில், இருபத்தாறு தலைமுறைகளாக, கொடி வளர்ப்பதும் கனி பறிப்பதும் ரசம் பிழிந்து மது வடிப்பதுமே அவர்களுடைய தொழில். ராஜ்யங்கள் எழுந்தன, விழுந்தன. யுத்தங்கள் வந்தன, போயின. புட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் குடும்பத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

இந்தச் சமாசாரத்தை ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மத்திய தரைக்கடல் நாடுகளின் விவசாயம் அன்றையப் பாடம். மதுவைப் பற்றி வகுப்பில் பேசலாமா என்று நேயர்களில் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். என்ன செய்வது? திராட்சையை விட்டுவிட்டு இத்தாலியைப் பற்றிச் சொல்வது, நெல்லை விட்டுவிட்டுத் தஞ்சாவூரைப் பற்றிச் சொல்வது போலத்தான். இருபத்தாறு தலைமுறை என்றதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். "நம்ம பக்கத்துல அப்பிடி யாருமே இல்லீங்களா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். நான் யோசிப்பதற்குள் கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்து, "எங்க வூட்டுல நாலு தலமொறையா மரமேறறாங்க சார்" என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. பையன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சிரித்தவர்களை அதட்டி அடக்கினேன். ஆனால் அந்தச் சிரிப்பு என் மனத்தை விட்டு அகலவில்லை. இத்தாலியில் பெருமையாக இருப்பது ஈரோட்டில் ஏன் வேடிக்கையாகிறது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அந்தப் பையனுடைய வீட்டைத் தேடிக்கொண்டு புறப்பட்டேன்.

சென்னிமலையைத் தாண்டித் தெற்கே போனால் வாய்க்கால் பாசனம் நின்றுபோய் மேட்டு நிலம் ஆரம்பமாகிறது. கிளுவை முள் வேலிக்குள் கொறங்காடு. கொறங்காட்டில் மேயும் காங்கயம் மாடு. வேலியோரத்தில் வரிசையாகப் பனை. கொங்கு நாட்டின் வறண்ட பாகத்துக்கு இதைவிடச் சுருக்கமாக வர்ணனை எழுத முடியாது. இந்தப் பக்கத்தில் திராட்சையே கிடையாது என்று சொல்வதற்கில்லை. கோயம்புத்தூருக்கு மேற்கே தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் பந்தல் போட்டுப் பன்னீர்த் திராட்சை பயிரிட்டதுண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. ஆனால் அவை பெரும்பாலும் பழமாகவே சந்தைக்குப் போகின்றன. மேல்நாட்டுக் குடியானவனுக்குத் திராட்சைக் கொடி எப்படியோ அப்படி, கொங்கு நாட்டுக் குடியானவனுக்குத் தலைமுறை தலைமுறையாக வாய்த்தது பனைதான்.

யவனர்கள் கப்பலில் திராட்சை மது கொண்டுவந்து தமிழ் அரசர்களுக்குக் கொடுத்த செய்தி புறநானூற்றில் இருக்கிறது. அவர்களுடைய காசுகள் கரூரிலும் கோவையை அடுத்த வெள்ளலூரிலும் மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. அந்த மது அரண்மனையோடு நின்றிருக்கும். அதியமானும் ஔவையாரும் பகிர்ந்து பருகிய கள் இந்த நாட்டுக் கள். அதே தமிழில்தான் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஆக, இந்த வழக்கு இன்று நேற்று ஏற்பட்டதல்ல.

நான் போனபோது பையனுடைய அப்பாரு மரத்தின் மேல் இருந்தார். கீழே இருந்து பார்த்தால் மட்டைகளுக்கு நடுவில் இரண்டு பாதங்கள் மாத்திரம் தெரிந்தன. இந்தியா சுதந்திரம் அடைந்த மறு வருஷம், 1948-ல், பிறந்தவர். வாலிபத்தில் நாளொன்றுக்கு முப்பது மரம் ஏறியவர், இப்போது ஆறு மரத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். இறங்கி வந்து காலில் மாட்டியிருந்த தளைநாரைக் கழற்றினார். "வாங்க வாத்தியாரய்யா. பையன் ஏதாச்சும் வம்பு பண்ணிப் போட்டானுங்களா?" என்று கேட்டார். ஓர் உபாத்தியாயர் வீடு தேடி வந்தால் வேறு என்ன காரணம் இருக்கும்? வம்பு ஒன்றும் இல்லை, உங்கள் தொழிலைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தேன் என்றதும் அவருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த பெட்டியிலிருந்து அரிவாளை எடுத்து ஒரு பக்கமாக வைத்துவிட்டு, பனை ஓலையைப் பட்டை பிடித்து, சுரைக் குடுவையிலிருந்து ஊற்றி என் கையில் கொடுத்தார். தென் ஜில்லாக்களில் பதநீர் என்று சொல்வதைக் கொங்கு நாட்டில் தெளுவு என்போம். காலைக் குளிரில் அந்தத் தெளுவு தொண்டையில் இறங்கியதைப் பற்றி எழுதிக்கொண்டே போகலாம்; பத்திரிகையில் இடம் இல்லை.

திராட்சைத் தோட்டத்து வேலையைப் பற்றிப் புத்தகங்களில் எவ்வளவோ படித்திருக்கிறேன். இந்த வேலை அதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். பனையில் ஆண் உண்டு, பெண் உண்டு. ஆண் பனையை அலகு என்றும் பெண் பனையைப் பருவம் என்றும் சொல்வார்கள். இரண்டும் பாளை விடும். இரண்டிலும் தெளுவு இறங்கும். விதை ஊன்றினால் மரம் பாளை விடுவதற்குப் பதினைந்து இருபது வருஷம் ஆகும். அதற்குப் பிறகு ஊன்றியவனுடைய பேரன் காலத்திலும் நிற்கும். மார்கழிக்கு முன்பே மரத்தின் தலையைச் சுத்தம் செய்து, காய்ந்த மட்டைகளைக் கழித்துவிட வேண்டும். பாளை வெளியே வந்ததும் அதை இடுக்கியால் நாள்தோறும் பதமாக நசுக்கிக் கொடுக்க வேண்டும். அதிகமாக நசுக்கினால் பாளை செத்துப்போகும். குறைவாக நசுக்கினால் பால் இறங்காது. எவ்வளவு நசுக்குவது என்பதை எந்தக் கலாசாலையிலும் கற்றுக்கொடுப்பதில்லை. பிறகு பாளையின் நுனியை மெல்லிய சீவலாக அரிய வேண்டும். சில நாள் சென்று சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பிக்கும். அப்போது கலயம் கட்டுவார்கள்.

அன்று முதல் சுமார் ஐந்தாறு மாதத்துக்கு மனிதனுக்கு விடுதலை இல்லை. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், ஒவ்வொரு மரத்திலும் ஏறி நுனியைப் புதிதாகச் சீவியாக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் சீவிய வாய் அடைத்துக்கொள்ளும். "என்ற கலியாணத்தன்னைக்குக்கூட மரம் ஏறிட்டுத்தானுங்க மணவறையில உக்காந்தேன்" என்றார் பெரியவர். அறுபது எழுபது அடி மரம், முப்பது மரம், நாளைக்கு இரண்டு தரம். கணக்கு வாத்தியார் அல்லவா! நான் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தேன். ஏறுவது மட்டும் நாளொன்றுக்கு மூவாயிரத்து அறுநூறு அடிக்குக் குறையாது. ஏறிய அத்தனையும் இறங்கியாக வேண்டும். நாள்தோறும் ஒரு மலையில் ஏறி இறங்குவது போல அல்லவா ஆயிற்று! பிடி தவறி விழுந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அவருடைய அண்ணன் ஒருவர் அப்படித்தான் போனார். அதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

இனி, சுண்ணாம்பின் சமாசாரம். கலயத்தைக் கட்டுவதற்கு முன் அதன் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது தெளுவு. தடவாவிட்டால் இறங்குவது கள். அதே மரம், அதே பாளை, அதே கலயம். வித்தியாசம் இரண்டு விரல் சுண்ணாம்பு. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. பாலில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் சர்க்கரை. அந்தச் சர்க்கரையை இவை தின்று சாராயச் சத்தாக மாற்ற ஓரிரண்டு மணி நேரமே போதும். அரை நாளுக்குள் நூற்றுக்கு நாலைந்து பங்கு வரையில் ஏறிவிடும். சுண்ணாம்பின் காரத்தில் அவை தலையெடுக்க முடிவதில்லை. பிரெஞ்சு தேசத்து விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1860-களில் திராட்சை மதுவை ஆராய்ந்து இந்த நுண்ணுயிர்களின் ரகசியத்தை வெளியிட்டார். அதை வைத்துக்கொண்டு 1869-ல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்னும் பல் வைத்தியர் திராட்சை ரசத்தைக் கொதிநீரில் சூடு காட்டிப் புளிக்காமல் அடைத்துக் காட்டினார். மதுவை வெறுத்த கிறிஸ்தவ பக்தர் அவர். கோயில் ஆராதனைக்கு வெறியில்லாத ரசம் வேண்டும் என்பது அவருடைய நோக்கம். (இத்தனை சர்க்கரையுள்ள பானத்தை ஒரு பல் வைத்தியர் கண்டுபிடித்ததில் வியாபார நோக்கமும் இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.) பாஸ்டர் பெயரையே கேட்டிராத நம் மரமேறிகள் அதே காரியத்தைக் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொண்டு செய்துவந்தார்கள். சுண்ணாம்பு குறைந்தால் புளிக்கும். கூடினால் நாக்கைப் பிடிக்கும், கருப்பட்டி கறுத்துப்போகும்.

இந்த இரண்டு விரல் சுண்ணாம்பைச் சுற்றித்தான் அந்தக் குடும்பத்தின் சரித்திரம் முழுவதும் சுழன்றிருக்கிறது.

பெரியவருடைய பாட்டனார் காலம் வெள்ளைக்காரர் காலம். 1886-ம் வருஷத்து ஆப்காரிச் சட்டப்படி கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வரி உண்டு. கடைகளை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் பணக்காரர். மரம் ஏறியவர் கூலிக்காரர். சென்னை மாகாணத்து வருமானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்த வழியாகச் சர்க்கார் கஜானாவுக்குப் போயிற்று. அந்த நாளில் சுண்ணாம்பு தடவச் சொல்வார் யாரும் இல்லை.

1921-ல் ஈரோடு பட்டணம் தேசமெங்கும் பெயர் பெற்றது. கள்ளுக்கடை மறியலை ஸ்ரீ ஈ. வெ. ராமசாமி முன்னின்று நடத்தினார். தமக்குச் சொந்தமான தோப்பில் இருந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னை மரங்களைக் கள்ளுக்குப் பயன்படக் கூடாது என்று வெட்டிச் சாய்த்தார். அவர் கைதானதும் அவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் வீதிக்கு வந்து மறியலைத் தொடர்ந்தார்கள். மறியலை நிறுத்துவது தம் கையில் இல்லை, ஈரோட்டில் உள்ள இரண்டு பெண்மணிகளின் கையில் இருக்கிறது என்று காந்தியடிகள் சொன்னதாகச் சொல்வார்கள். இந்த வரலாற்றை நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன்; சொல்லும்போதெல்லாம் பெருமைப்படுகிறேன். பெரியவரும் இந்தக் கதையைத் தம் பாட்டனார் வாயிலாகக் கேட்டிருக்கிறார். ஆனால் அவர் கேட்ட கதைக்கு வேறு ஒரு வாலும் உண்டு. "மரத்த வெட்டினவங்க பெரிய மனுசருங்க. தேசத்துக்காவ வெட்டினாங்க, சரிங்க. அந்த மரத்துல ஏறினவன் அடுத்த நாளைக்கு எங்க போனான்னு யாராச்சும் கேட்டாங்களாங்க?" என்றார். இருபது வருஷமாகப் பாடம் சொல்கிறேன். இந்தக் கேள்வி என் மனத்தில் ஒரு முறைகூட எழுந்ததில்லை.

அதைக் கேட்டவர் ஒருவர் இருந்தார் என்று பிறகு சொன்னேன். காவிரிக்கு அக்கரையில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில், ராஜாஜி 1925-ல் காந்தி ஆசிரமத்தை ஆரம்பித்தார். மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே 1929-ல் அங்கிருந்து 'விமோசனம்' என்னும் பத்திரிகையை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக இருந்து எழுதியவர் 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தி. பிறகு சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானதும், 1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். வேலை இழந்த மரமேறிகளுக்குச் சுண்ணாம்பு தடவிய தெளுவு இறக்க அனுமதியும், கருப்பட்டி காய்ச்சக் கூட்டுறவுச் சங்கங்களும் ஏற்பட்டன. கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி பிறந்தது. இன்று கடையில் சோப்பு வாங்கினாலும் சீட்டில் ஏதாவது ஒரு வரி அச்சாகிறதே, அதன் பூர்வீகத்தில் கள்ளுக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்தக் காலத்தில் ஈரோடு கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது, காவிரிதான் எல்லை. அக்கரையில் சேலம் ஜில்லா. இக்கரையில் கோயம்புத்தூர் ஜில்லா. பெரியவருடைய தகப்பனாருக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு மச்சான். அக்கரையில் மச்சான் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தபோது, இக்கரையில் இவர் தடவாமல் கட்டிக்கொண்டிருந்தார். இருவரும் செய்தது ஒரே தொழில். ஒருவர் செய்தது தேசத் தொண்டு, மற்றவர் செய்தது தேசத் துரோகம். தாகம் மிகுந்தவர்கள் ஆற்றைத் தாண்டி இக்கரைக்கு வந்தார்கள் என்றும், மச்சானும் விருந்துக்கு வந்தால் சீக்கிரம் திரும்பிப் போகமாட்டார் என்றும் அந்த வீட்டில் இன்றும் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். 1939-ல் காங்கிரஸ் மந்திரிகள் ராஜிநாமாச் செய்தார்கள். 1943-ல் மதுவிலக்கை நிறுத்தி வைத்தார்கள். அக்கரையிலும் சுண்ணாம்பு நின்றது. 1946 முதல் மறுபடி படிப்படியாக வந்து, 1948 அக்டோபர் 2-ந் தேதி மாகாணம் முழுவதிலும் அமுலாயிற்று. பெரியவர் தொட்டிலில் இருந்த வருஷம் அது.

ஆகவே அவர் பதினான்கு வயதில் தளைநார் மாட்டிக்கொண்டபோது கற்றுக்கொண்ட முதல் பாடம் சுண்ணாம்புதான். 1971-ல் கருணாநிதியின் அரசாங்கம் மதுவிலக்கைத் தளர்த்தியது. தொண்ணூற்றிரண்டு வயதான ராஜாஜி கொட்டும் மழையில் முதல் மந்திரியின் வீட்டுக்குப் போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், பயன் இல்லை. பெரியவர் இருபத்து மூன்றாவது வயதில் முதன்முதலாகச் சுண்ணாம்பில்லாத கலயம் கட்டினார். 1973-ல் கள்ளுக்கடைகளை மூடினார்கள், மறுபடி சுண்ணாம்பு. 1981-ல் எம். ஜி. ராமச்சந்திரன் காலத்தில் திறந்தார்கள், சுண்ணாம்பை நிறுத்தினார். 1987 ஜனவரி முதல் தேதியோடு கள் மறுபடியும் நின்றது; சுண்ணாம்பு திரும்பி வந்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரையில் மதுவிலக்கு இருந்தபோது கலிபோர்னியாத் திராட்சைத் தோட்டக்காரர்கள் கோயில் பூஜைக்கும் பழச் சந்தைக்கும் விற்று ஒரே ஒரு முறை தப்பிப் பிழைத்தார்கள். அதையே இன்று வரை பெரிய வீரச்செயலாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சென்னிமலை மேட்டு நிலத்துக் குடும்பம் ஒன்று இத்தனை முறை அப்படிப் பிழைத்திருக்கிறது. அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை.

இதுவரையில் நான் ஆண்களின் வேலையையே சொல்லிவந்தேன். திண்ணையோரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஆத்தா, பெரியவருடைய மனைவி, இப்போது வாயைத் திறந்தார். "கள்ளு இறக்குனா கொண்டுபோய்க் கொடுத்துப்போட்டு வந்துரலாமுங்க. தெளுவு இறக்குனா அதுக்கப்பறந்தானுங்க வேலையே" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அடுப்படிக்கு அழைத்துப் போய்க் காட்டினார். தாழ்ந்த கூரை, புகை படிந்த சுவர், அகன்ற கொப்பரை. எட்டு முதல் பத்து லிட்டர் வரையில் தெளுவைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். மற்றதெல்லாம் ஆவியாகப் போகிறது. அதை ஆவியாக்குவதற்கு ஓலையும் மட்டையும் வேலிகாத்தான் விறகும் சுமந்து வந்து, மூன்று நாலு மணி நேரம் நெருப்புக்கு முன்னால் நின்று கிண்ட வேண்டும். பொங்கினால் நசுக்கிய ஆமணக்கு விதையைத் துளி போட்டு அடக்க வேண்டும். பாகு துளியைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்த்து, கொட்டாங்கச்சியில் ஊற்ற வேண்டும். இதெல்லாம் சித்திரை வெயிலில்.

சட்டம் போட்டவர்கள் மரமேறியின் குடும்பத்துக்கு மாற்று வேலை கொடுத்தோம் என்றார்கள். கொடுத்தது உண்மை. ஆனால் கலயத்தில் சுண்ணாம்பு விழுந்த அன்றே, ஆணின் கையில் இருந்த பிழைப்பில் பாதி பெண்ணின் அடுப்புக்கு இறங்கிவிட்டது என்பதை எந்த அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

"அப்படியானால் கள்ளுக் காலந்தான் உங்களுக்கு நல்ல காலம் என்று சொல்லுங்கள்" என்றேன். ஆத்தா சட்டென்று மறுத்தார். "காசு வந்துதுங்க. வந்த காசு வூட்டுக்கு வரலீங்க" என்றார். பெரியவர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். நானும் மேலே கேட்கவில்லை.

இந்தக் காலத்தில் எங்கள் வட்டாரத்திலிருந்தே கள்ளுக்கு ஆதரவாக ஓர் இயக்கம் நடக்கிறது. கள் உணவு, அதைத் தடுக்கக் கூடாது என்பது அவர்களுடைய வாதம். ஆத்தாவின் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகு அதை முழுவதும் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. என் வகுப்பில் திங்கட்கிழமை காலையில் சோர்ந்து தூங்கும் பிள்ளைகளில் பலருடைய வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரவு என்ன நடந்தது என்பதை நான் அறிவேன். குடி நல்லதென்று எழுத என் பேனா இடம் கொடாது. ஆனாலும் அந்த இயக்கத்தார் கேட்கும் இன்னொரு கேள்விக்கு என்னிடத்தில் பதில் இல்லை. இந்த ராஜ்யத்தில் 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்றும் அமுலில் இருக்கிறது. அதே ராஜ்யத்தில் 1983-ல் மது வியாபாரத்துக்கென்று சர்க்காரே ஒரு கழகத்தை ஏற்படுத்தியது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அதுவே நடத்துகிறது. 2023-24-ல் அதன் மூலம் கஜானாவுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. ஆலையில் செய்த சரக்கு புட்டியில் வந்தால் நியாயம். மரத்தில் இறங்கியது கலயத்தில் வந்தால் குற்றம். வாளையாற்றைத் தாண்டிப் பாலக்காட்டுச் சித்தூருக்குப் போனால் அதே கலயம் லைசென்ஸ் பெற்ற தொழில். ஆற்றங்கரைதான் மாறியிருக்கிறது, கதை மாறவில்லை.

பள்ளிக்கூடச் செலவுக்குக் குடிப்பணத்தை நம்பியிருக்க வேண்டியிருக்கிறதே என்று 1937-ல் காந்தியடிகள் வேதனைப்பட்டு எழுதினார். மாதம் பிறந்தால் அதே கஜானாவிலிருந்துதான் எனக்குச் சம்பளம் வருகிறது. அந்த ரூபாயில் எது சோப்பு வாங்கியவர் கொடுத்தது, எது என் மாணவனின் தகப்பன் கொடுத்தது என்று பிரித்துப் பார்க்க எந்தக் கணக்கு வாத்தியாராலும் ஆகாது.

தெளுவும் ஆபத்தில்லாத சரக்கல்ல. வெயில் ஏற ஏற, சுண்ணாம்பு குறைந்த கலயம் புளிக்க ஆரம்பிக்கும். காலை ஏழு மணிக்குச் சர்பத்தாக இருந்தது பதினொரு மணிக்கு வழக்காகிவிடக்கூடும். பல வருஷங்களுக்கு முன் ஒரு நாள், சந்தைக்குப் போகும் வழியில் ஒரு காவலர் பெரியவருடைய குடத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தரையில் கவிழ்த்துவிட்டாராம். "புளிச்சிருந்துதுங்களா?" என்று கேட்டேன். "கொஞ்சம் புளிச்சுத்தானுங்க இருந்துது. வெயிலு என்ற பேச்சக் கேக்குங்களா?" என்றார். அன்று முதல் அவர் சந்தைக்குத் தெளுவு கொண்டுபோவதில்லை. மரத்தடிக்கு வருகிறவர்களுக்கு மாத்திரம் ஊற்றுகிறார்.

2017-ல் தென்னையிலிருந்து புளிக்காத நீரா இறக்க அனுமதிப்பதாக அரசு அறிவித்தது. 2021-ல் வெளியான முதல் வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் 76 லட்சம் பனை விதைகளைக் கொடுப்பதென்றும், கலெக்டர் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாதென்றும் சொன்னார்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவையெல்லாம் நல்ல காரியங்கள். செங்கற் சூளைக்குப் போன மரங்கள் இனிமேலாவது குறையட்டும். ஆனால் விதையைக் கொடுக்கலாம், மரத்தைக் காப்பாற்றலாம். ஏறுகிறவனை எங்கிருந்து கொண்டுவருவது? பையனுடைய தகப்பனார் நாலு வருஷம் ஏறிவிட்டுப் பெருந்துறைப் பக்கம் ஓர் ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டார். மாதச் சம்பளம், விழுந்து சாகும் பயம் இல்லை, பெண் வீட்டார் தயங்காமல் பெண் கொடுக்கிறார்கள். அவர் செய்தது தப்பென்று நான் சொல்லமாட்டேன். கருப்பட்டிக்கு வரும் விலையோ அடிமாட்டு விலை. வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சிய உருண்டையும் அதே கடையில் அதே பெயரில் விற்கிறது. எது யார் அடுப்பில் காய்ந்தது என்று சொல்ல அதன் மேல் சீட்டு இல்லை. பிளாரென்ஸ் நகரத்துக் குடும்பத்தைப் பற்றி நான் சொன்னபோது பெரியவரை வியப்பில் ஆழ்த்தியது இருபத்தாறு தலைமுறை அல்ல. "புட்டியில பேர எழுதுவாங்களா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

நான் விடைபெற எழுந்தபோது மணி பதினொன்றாகிவிட்டது. மிச்சமிருந்த தெளுவை ஆத்தா கொப்பரையில் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தார். வாசலில் சாயங்காலத்துக்கான கலயங்கள் கவிழ்த்து வைத்திருந்தன. என் மாணவன் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, மட்டைத் துண்டால் சுண்ணாம்பை அள்ளி உள்ளே தடவிக்கொண்டிருந்தான். வகுப்பில் குனிந்த தலை இப்போதும் குனிந்துதான் இருந்தது. ஆனால் இது வேலையில் குனிந்த தலை. பெரியவர் ஒரு கலயத்தை வாங்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். ஒரு சுற்று வழித்துச் சுண்ணாம்பைச் சட்டியில் திரும்பப் போட்டார்.

"அத்தன வேண்டாங் கண்ணு. இன்னைக்கு மேகம் போட்டிருக்குது" என்றார்.